டையோடுக்கு எத்தனை ஓம் இருக்கணும்? (படகு சோலார், சார்ஜ் ஏறவில்லை)

தங்கச்சிமடம் வலைக்காரன்:
எல்லாருக்கும் வணக்கம். எங்கள் நாட்டுப்படகில் 40 வாட் சோலார் பேனல் ஒன்று போட்டிருக்கிறோம். 36 செல் உள்ள சாதாரண 12 வோல்ட் பேனல்தான். அதிலிருந்து, பேட்டரி கரண்ட் இரவில் பேனலுக்குத் திரும்பாமல் தடுக்க ஒரு 1என்5408 டையோடு, அப்புறம் நேராக 26 ஏஹெச் (ஆம்பியர்-மணி) பேட்டரி. சார்ஜ் கன்ட்ரோலர் கிடையாது. ஓடுவது ஜிபிஎஸ், விஎச்எஃப் ரேடியோ, இரண்டு எல்இடி லைட், அவ்வளவுதான். புதுசில் விடிய விடிய நின்றது. இப்போது நடுச்சாமத்திலேயே லைட் மங்குகிறது. பகலில் டையோடைத் தொட்டால் விரலை வைக்க முடியாத சூடு.

"டையோடில் ரெசிஸ்டன்ஸ் ஏறிப்போச்சு" என்று கரையில் ஒருவர் சொன்னார். கழற்றி ஊசி மீட்டரில் பார்த்தேன். ரேஞ்சை ×1 இல் வைத்தால் 6 ஓம். ×10 இல் 50 ஓம். ×1கே இல் 3500 பக்கம். ஒரே டையோடு, ஒரே மீட்டர்! அதிலும் கறுப்பு வயரை ஆனோடு (கரண்ட் உள்ளே நுழையும்) பக்கம் வைத்தால்தான் முள் ஏறுகிறது. திருப்பி வைத்தால் அசையவே இல்லை. பக்கத்துப் படகுக்காரரின் டிஜிட்டல் மீட்டரில் ஓம் வைத்துப் பார்த்தால் இரண்டு பக்கமும் "1" (ரேஞ்சுக்கு மேலே போய்விட்டது என்ற அடையாளம்) என்றே நிற்கிறது. இதில் எதை நம்புவது? நல்ல டையோடுக்கு எத்தனை ஓம் இருக்க வேண்டும் என்று யாராவது சொல்லுங்கள்.

மண்டபம் வயர்மேன்:
தம்பி, 5408 மூணு ஆம்பியர் சாமான். வெயிலில் கிடந்து வேகுது. பக்கத்தில் இன்னொண்ணை பேரலலா போட்டு விடு, ஆளுக்குப் பாதி கரண்ட் போகும், சூடு குறைஞ்சிடும். டையோடு என்பது தண்ணி மோட்டாரில் இருக்கிற ஃபுட் வால்வு மாதிரி. ஒரு பக்கம் விடும், மறு பக்கம் விடாது. விடுகிற பக்கம் ஓம் கம்மியா காட்டினால் நல்லது. ×1 இல் 6 காட்டுதுல்ல, அதுதான் கணக்கு.

பாலிடெக்னிக் வாத்தியார் (ஓய்வு), ராமநாதபுரம்:
வயர்மேன் தம்பி, ஃபுட் வால்வு வரை சரி. ஆனால் "6தான் கணக்கு" என்பதில் நான் குறுக்கிடுகிறேன். 6, 50, 3500 மூன்றுமே சரியான அளவுதான். மீட்டரிலும் பழுது இல்லை, டையோடிலும் பழுது இல்லை.

ஊசி மீட்டர் ஓம் அளப்பது எப்படி? உள்ளே 3 வோல்ட் பேட்டரி இருக்கிறது. அதை ஒரு உள் தடை வழியாக வெளியே விடுகிறது, எவ்வளவு கரண்ட் போகிறது என்று பார்க்கிறது, ஸ்கேலில் ஓமாக எழுதிக் காட்டுகிறது. உங்கள் மீட்டரின் ஓம் ஸ்கேலில் நடுவில் 20 இருந்தால், ×1 இல் உள் தடை 20 ஓம், ×10 இல் 200, ×1கே இல் 20,000. இப்போது கணக்குப் போடுங்கள்.

×1 இல் டையோடின் மேல் 0.7 வோல்ட் நிற்கிறது என்று வையுங்கள். மிச்சம் 2.3 வோல்ட், அதை 20 ஓமால் வகுத்தால் 115 மில்லி ஆம்பியர். 0.7 ஐ 0.115 ஆல் வகுங்கள், 6 ஓம். ×10 இல் கரண்ட் 12 மில்லி ஆம்பியருக்கு இறங்கும், டையோடின் மேல் 0.6 வோல்ட்தான் நிற்கும். வகுத்தால் 50. ×1கே இல் கரண்ட் 0.13 மில்லி ஆம்பியர், டையோடின் மேல் 0.45 வோல்ட். வகுத்தால் 3500.

கரண்ட் ஏறக்குறைய 900 மடங்கு மாறியிருக்கிறது, வோல்ட் மாறியது கால் வோல்ட். தம்பி எழுதிய மூன்று எண்ணுக்குள் டையோடின் முழு ஜாதகமும் இருக்கிறது. இதற்கு "இத்தனை ஓம்" என்று ஒரு எண் கிடையாது. எவ்வளவு கரண்ட் விடுகிறீர்களோ அதற்கேற்ப ஓம் மாறும். அதனால் டையோடைக் கேட்க வேண்டிய கேள்வி, "இத்தனை ஆம்பியரில் உன் மேல் எத்தனை வோல்ட் விழுகிறது?" என்பதுதான்.

கறுப்பு வயர் விஷயம்: ஊசி மீட்டரில் ஓம் வைக்கும்போது உள் பேட்டரியின் பாசிட்டிவ், கறுப்பு வயருக்குத்தான் வரும். டிஜிட்டலில் சிவப்பு. டிஜிட்டல் மீட்டரில் பல ஓம் ரேஞ்சுகள் மிகக் குறைந்த வோல்ட்டில்தான் சோதிக்கும், அது டையோடை நடத்தப் போதாது. அதனால்தான் இரண்டு பக்கமும் "1". டையோடு படம் போட்ட இடத்தில் திருகி வைத்துப் பாருங்கள். அங்கே சுமார் 1 மில்லி ஆம்பியர் விட்டு, விழும் வோல்ட்டை நேராகக் காட்டும். 5408க்கு 500 முதல் 600 வரை மில்லி வோல்ட் வந்தால் ஆரோக்கியம்.

இசிஇ இரண்டாமாண்டு, பரமக்குடி:
ஐயா, ஒரு சந்தேகம். சிலிக்கான் டையோடு 0.7 வோல்ட் வந்தால்தான் திறக்கும், அதுவரை கரண்ட் போகாது என்றுதானே எங்களுக்குச் சொல்லித் தந்தார்கள்? நீங்கள் 0.45 இலேயே கரண்ட் போகிறது என்கிறீர்கள்.

பாலிடெக்னிக் வாத்தியார் (ஓய்வு), ராமநாதபுரம்:
0.7 என்பது கணக்குப் போட வசதிக்காக வைத்துக்கொண்ட எண்ணம்மா. அந்த இடத்தில் கதவு எதுவும் இல்லை.

சிலிக்கானில் ஒரு பக்கம் போரான் கலந்தால் 'பி' வகை, மறு பக்கம் பாஸ்பரஸ் கலந்தால் 'என்' வகை. இரண்டும் சேரும் இடத்தில் எலக்ட்ரானும் துளையும் (எலக்ட்ரான் இல்லாத காலி இடம்) ஒன்றையொன்று தீர்த்துக்கொண்டு, ஓடும் மின்னூட்டமே இல்லாத மெல்லிய பட்டை ஒன்று உருவாகும். அந்தப் பட்டைக்குக் குறுக்கே ஒரு மின்னழுத்த மேடு நிற்கிறது. வெளியிலிருந்து நேர்ப்பக்கமாக வோல்ட் கொடுத்தால் மேடு தாழ்கிறது. மேட்டைத் தாண்டும் அளவு ஆற்றல் உள்ள எலக்ட்ரான்கள் எத்தனை என்பது மேட்டின் உயரத்துக்கு ஏற்ப அடுக்குக்குறியாக மாறும். 1949 இல் ஷாக்லி என்ற இயற்பியலாளர் எழுதிய சமன்பாடு இதுதான். அறை வெப்பத்தில், குறையில்லாத டையோடாக இருந்தால் ஒவ்வொரு 60 மில்லி வோல்ட் ஏற்றத்துக்கும் கரண்ட் பத்து மடங்கு. நிஜ டையோடுகளில் இது 60க்கும் 120க்கும் நடுவில் கிடக்கும். தம்பியின் மூன்று எண்ணிலிருந்து பார்த்தால் சுமார் 85 வருகிறது.

ஆக 0.35 வோல்ட்டிலும் கரண்ட் உண்டு, மைக்ரோ ஆம்பியர் கணக்கில். நம் மீட்டருக்கு அது தெரிவதில்லை, அவ்வளவுதான்.

பரீட்சைக்கு இன்னொன்றும் வேண்டும். ஓடிக்கொண்டிருக்கும் கரண்டைச் சுற்றிச் சின்ன அசைவுக்கு டையோடு காட்டும் தடை வேறு. 26 மில்லி வோல்ட்டை அந்தக் கரண்டால் வகுத்தால் அது வரும். 1 மில்லி ஆம்பியரில் 26 ஓம், 10 மில்லி ஆம்பியரில் 2.6 ஓம். அதே 1 மில்லி ஆம்பியரில் மொத்த வோல்ட்டை மொத்தக் கரண்டால் வகுத்தால் 500, 600 ஓம். இரண்டையும் குழப்பினால் ஐந்து மார்க் போகும்.

வயர்மேன் தம்பிக்கு: இரண்டு டையோடைப் பக்கத்தில் பக்கத்தில் போட்டால் பாதிப் பாதி பிரியாது. சிலிக்கான் சூடாகச் சூடாக அதன் வோல்ட் ஒரு டிகிரிக்கு 2 மில்லி வோல்ட் வீதம் குறையும். கொஞ்சம் அதிகம் சுமப்பவன் கொஞ்சம் அதிகம் சூடாவான், சூடானதால் இன்னும் அதிகம் சுமப்பான். கடைசியில் ஒருவன் தலையிலேயே முக்கால்வாசி விழும். செம்புக் கம்பி சூடானால் தடை ஏறி, கரண்டைத் தானே அடுத்த கம்பிக்குத் தள்ளும். இங்கே எல்லாம் தலைகீழ்.

மண்டபம் வயர்மேன்:
சரி சார், ஒத்துக்கிறேன். ஆனா பழைய விசைப்படகு ஆல்டர்னேட்டரில் பக்கத்துப் பக்கத்தில் டையோடு இருக்குதே, அது எப்படி?

பாலிடெக்னிக் வாத்தியார் (ஓய்வு), ராமநாதபுரம்:
அது மூன்று ஃபேஸ். ஒவ்வொரு ஜோடிக்கும் அதனதன் வேளை வரும்போதுதான் வேலை. எல்லாம் ஒரே அலுமினியத் தட்டில் உட்கார்ந்திருப்பது சூடு இறங்குவதற்காக.

கீழக்கரை ரேடியோ:
ஜெர்மேனியம் டையோடைப் பார்த்த கை இது. ஓஏ79 என்று ஒன்று வரும், கண்ணாடிக் குழாய்க்குள் மயிரிழை போல் கம்பி. டையோடு ரேஞ்சில் வைத்தால் 200, 250 காட்டும். ரேடியோவில் சிக்னலிலிருந்து பாட்டைப் பிரித்தெடுக்கும் டிடெக்டர் வேலைக்கு அதுதான். சிக்னலே சில நூறு மில்லி வோல்ட் என்றால் சிலிக்கானைப் போட்டு என்ன செய்வது? எங்கள் கரையில் இலங்கை மீடியம் வேவ் நன்றாக இழுக்கும், பேட்டரியே இல்லாமல் நீளக் கம்பியும் இந்த டையோடும் ஹெட்போனும் வைத்தே பாட்டுக் கேட்கலாம்.

இன்னும் பழைய கதை சொன்னால் 1874 இல் ப்ரான் என்ற ஜெர்மானியர், கலீனா மாதிரி தாதுக் கல்லில் கம்பி முனையை வைத்தால் ஒரு பக்கம் மட்டும் கரண்ட் நன்றாகப் போவதைப் பார்த்தார். நம் ஜகதீஷ் சந்திர போஸ் அதே கலீனாவை வைத்து ரேடியோ அலை பிடித்து 1904 இல் அமெரிக்கக் காப்புரிமை வாங்கினார். வோல்ட்டும் கரண்டும் ஒரே விகிதத்தில் ஏறும் என்கிற ஓம் விதி 1827. அரை நூற்றாண்டாகக் கைக்கு அடங்கிய விதியைக் கல் ஒன்று மதிக்கவில்லை என்றால் ஆராய்ச்சிக்காரருக்கு எப்படி இருந்திருக்கும்!

சரி, விஷயத்துக்கு வருவோம். தம்பி, 5408ஐ எடுத்துவிட்டு ஷாட்கி (குறைந்த வோல்ட் விழும் ஒரு வகை டையோடு) போடு. 1என்5822, மூணு ஆம்பியர், 40 வோல்ட். விழுவது அரை வோல்ட்டுக்குள். சூடு பாதியாகும், மிச்சம் பேட்டரிக்குப் போகும்.

ஏர்வாடி சோலார்:
காக்கா (எங்கள் பக்கம் அண்ணனை இப்படித்தான் அழைப்போம்), சூடு பாதியாகும் என்பது சரி. "மிச்சம் பேட்டரிக்குப் போகும்" என்பதுதான் எனக்கு ஒப்பவில்லை.

40 வாட் பேனல் நல்ல வெயிலில் 17.5 வோல்ட்டில் 2.2 ஆம்பியர் பக்கம் தரும். அந்த 17.5க்குக் கீழே எந்த வோல்ட்டில் இழுத்தாலும் கரண்ட் அதே 2.2, 2.3தான், கூடாது. பேட்டரி 13 இல் நிற்கிறது, டையோடு 0.9 தின்கிறது, மொத்தம் 13.9. ஷாட்கி போட்டால் 13.4. இரண்டிலும் பேட்டரிக்குப் போவது 2.2 ஆம்பியரே. டையோடு தின்பது பேனல் வீணடிக்கப்போகிற வோல்ட்டிலிருந்துதான். 0.9ஐ 2.2 ஆல் பெருக்கினால் 2 வாட், அந்தச் சின்ன உடம்பில் 2 வாட் என்றால் விரல் வைக்க முடியாதுதான். அது பழுதல்ல. டையோடின் கால் கம்பியை ஒட்ட வெட்டியிருந்தால் மட்டும் மாற்றுங்கள், அந்த வகை டையோடுக்குக் கால் கம்பிதான் சூட்டை இறக்கும் வழி.

நான் பார்க்கச் சொல்வது நிழல். 36 செல்லும் வரிசையாகக் கோத்தது. பின்பெட்டியில் 18 செல்லுக்கு ஒன்றாக இரண்டு பைபாஸ் டையோடு இருக்கும். ஒரு பாதியில் நிழல் விழுந்தால் அந்தப் பாதியை ஒதுக்கிக் கரண்ட் பைபாஸில் போகும். பெரிய சோலார் பண்ணையில், நம் கமுதியில் 648 மெகாவாட் நிற்கிறதே, அங்கே இருபது பேனல் வரிசையில் ஒரு பேனலின் மூன்றில் ஒரு பங்கு ஒதுங்கினால் மற்றவை இழுத்துக்கொண்டு போகும். படகில் ஒரே பேனல். பாதி ஒதுங்கினால் மிச்சம் 9 வோல்ட் கூட இல்லை, 12 வோல்ட் பேட்டரிக்குள் எப்படிப் போகும்?

பாலிடெக்னிக் வாத்தியார் (ஓய்வு), ராமநாதபுரம்:
ஏர்வாடித் தம்பி சொன்னதில் பெரும்பகுதி சரி. ஒரு திருத்தம் மட்டும். 17.5 என்பது செல் 25 டிகிரியில் இருக்கும்போது எழுதிய எண். சித்திரை வெயிலில் காற்றில்லாத நாளில் பேனல் 65 டிகிரி போகும். சோலார் செல்லும் ஒரு டையோடுதான், அதே 2 மில்லி வோல்ட் இறக்கம் அதற்கும் உண்டு. 36 செல்லுக்கு ஒரு டிகிரிக்கு 72 மில்லி வோல்ட், 40 டிகிரிக்கு கிட்டத்தட்ட 2.9 வோல்ட். 17.5 போய் 14.6 ஆகிவிடும். அதில் டையோடு 0.9 தின்றால் 13.7. பேட்டரி நிறையும் நேரத்தில் 14 கேட்கும்போது இந்த அரை வோல்ட் உறைக்கும். ஆகவே கீழக்கரைக்காரர் சொன்ன ஷாட்கிக்கு மத்தியானத்தில் மட்டும் மரியாதை உண்டு.

ஷாட்கி எதிர்ப்பக்கம் கசியும் என்று யாராவது பயமுறுத்துவார்கள். கசியும், சூட்டில் பல மடங்கு ஏறும். ஆனால் நமக்கு எதிர்ப்பக்க வோல்ட் வருவது இரவில், பேனல் குளிர்ந்து கிடக்கும்போது. ஒன்றிரண்டு மில்லி ஆம்பியர் போனாலும் 26 ஏஹெச் பேட்டரிக்கு அது ஒரு பொருட்டில்லை.

இசிஇ இரண்டாமாண்டு, பரமக்குடி:
அப்படியென்றால் இரவில் பேனலே டையோடு வரிசைதானே ஐயா? 12.6ஐ 36 ஆல் வகுத்தால் செல்லுக்கு 0.35 வோல்ட். நீங்கள் மேலே சொன்ன அந்த 0.35! தடுப்பு டையோடே இல்லாவிட்டாலும் பெரிதாகக் கரண்ட் திரும்பாது என்றுதானே வருகிறது?

பாலிடெக்னிக் வாத்தியார் (ஓய்வு), ராமநாதபுரம்:
பிடித்துவிட்டாயே! செல்லின் பரப்பு பெரிது, அதனால் மைக்ரோ இல்லை, மில்லி ஆம்பியர் கணக்கில் திரும்பும். ஆனால் பைபாஸ் டையோடு ஒன்று ஷார்ட் ஆகிவிட்டது என்று வை. இப்போது 18 செல் மட்டும் எதிரே நிற்கிறது, செல்லுக்கு 0.7. அடுக்குக்குறிக் கணக்கில் 0.35 இலிருந்து 0.7க்கு ஏறினால் என்ன ஆகும் என்று நீயே போட்டுப் பார். பேட்டரி ஒரே இரவில் காலி. தடுப்பு டையோடு வேண்டும் என்பது அதற்காகவும், உப்பில் வயர் தோல் உரிந்து பேனல் பக்கம் ஷார்ட் ஆனால் பேட்டரி தப்பிக்கவும்தான்.

ஏர்வாடி சோலார்:
பைபாஸ் ஷார்ட்டைக் கண்டுபிடிக்க எளிய வழி: வெயிலில் பேனலைத் தனியாகக் கழற்றி வோல்ட் பாருங்கள். 20க்கு மேல் வந்தால் பைபாஸ் நன்றாக இருக்கிறது. 10 பக்கம் நின்றால் போச்சு. அப்புறம் மீட்டரை 10 ஆம்பியரில் வைத்து, பேட்டரிக்குப் போகும் வயரை வெட்டி நடுவில் கோத்து, கரண்ட் பாருங்கள். மீட்டர் ஆம்பியரில் இருக்கும்போது நேராகப் பேட்டரி முனையில் வைத்துவிடாதீர்கள், வயர் உருகிவிடும்.

தங்கச்சிமடம் வலைக்காரன்:
சார், அண்ணே, காக்கா, எல்லாருக்கும் நன்றி. இன்றைக்குக் கரையில் போட்டுப் பார்த்தேன். பேனல் தனியாக 20.4 வோல்ட். டையோடு ரேஞ்சில் 5408 க்கு 540 காட்டுகிறது.

கரண்ட் 2.1 ஆம்பியர் வந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே படகு கச்சான் காற்றில் திரும்பியது, மீட்டர் 0.3க்கு விழுந்தது. பேனல் சட்டத்தோடு சேர்த்து வலைக்கு நடுகிற கொடிக்கம்புகளைக் கட்டி வைத்திருக்கிறோம், போன சீசனிலிருந்துதான். அதில் ஒரு மூங்கில் நிழல் குறுக்கே விழுகிறது. பேனலில் செல்லெல்லாம் ஒடுக்கமாக வெட்டிப் போட்டது, மூங்கில் அகலமும் அதன் அகலமும் ஒன்று. கம்பைச் சாய்த்தேன், மறுபடி 2.1.

இன்னொன்று. வாத்தியார் சார் சொன்ன மாதிரி ஒவ்வொன்றின் மேலும் வோல்ட் வைத்துப் பார்த்தேன். 2.1 ஆம்பியர் ஓடும்போது டையோடின் மேல் 0.85, பேட்டரிக்குப் போகிற லக்கின் (கம்பி முனையில் நசுக்கி மாட்டும் உலோக முனை) மேல் 0.6. லக்கின் மேல் எதற்கு 0.6 வருகிறது? நிழல் விழுந்து 0.3 ஆம்பியர் ஆனதும் டையோடு 0.74, லக் 0.09.

பாலிடெக்னிக் வாத்தியார் (ஓய்வு), ராமநாதபுரம்:
தம்பி, வகுப்பில் இருந்திருந்தால் உன்னை முன்பெஞ்சில் உட்கார வைத்திருப்பேன்.

கரண்ட் ஏழில் ஒன்றாகக் குறைந்தது. லக்கின் வோல்ட்டும் ஏழில் ஒன்றாகக் குறைந்தது: 0.6 போய் 0.09. இரண்டு முறையும் வகுத்துப் பார், 0.3 ஓம் பக்கம் அசையாமல் வரும். அது அசல் ரெசிஸ்டன்ஸ், ஓம் சொன்னபடி நடக்கிறது. டையோடின் மேல் 0.85 போய் 0.74தான் ஆனது. கரையில் அந்த ஆள் சொன்ன "ரெசிஸ்டன்ஸ் ஏறிப்போச்சு" உண்மைதான், ஏறிய இடம் டையோடு இல்லை, அதற்குப் பக்கத்து லக். கழற்றிப் பார், உள்ளே பச்சை பூத்திருக்கும்.

தங்கச்சிமடம் வலைக்காரன்:
பூத்திருக்கிறது சார். கம்பிக்குள் ஒரு சாண் தூரம் கறுத்துப் போயிருக்கிறது.

மண்டபம் வயர்மேன்:
கறுத்த வரைக்கும் வெட்டி எறி. வெள்ளீயம் பூசிய செம்புக் கம்பி வாங்கு, வெறும் செம்பு தென்கடல் பக்கம் ஒரு மழைக்காலம் தாங்காது. லக்கை நசுக்கி, மேலே பசை உள்ள ஹீட் ஷ்ரிங்க் (சூட்டில் சுருங்கும் குழாய்) போடு. கொடிக்கம்பை அணியத்துப் (படகின் முன்) பக்கம் மாத்திக் கட்டு.

ஏர்வாடி சோலார்:
முடிந்தால் சின்ன பிடபிள்யூஎம் (கரண்டை விட்டு விட்டுக் கொடுத்துச் சார்ஜை அளவோடு நிறுத்தும்) கன்ட்ரோலர் ஒன்று வாங்கிவிடுங்கள். இப்போது நிழலும் லக்கும் சரியானால் மத்தியானத்தில் பேட்டரி 15 தாண்டிக் கொதிக்க ஆரம்பிக்கும். பெரும்பாலான கன்ட்ரோலரில் எதிர்ப்பக்கத் தடுப்பு உள்ளேயே இருக்கிறது, 5408ஐ எடுத்துவிடலாம்.

கீழக்கரை ரேடியோ:
எடுத்ததை எறியாதே தம்பி. 540 காட்டுகிற டையோடு, டப்பாவில் போட்டு வை.

தங்கச்சிமடம் வலைக்காரன்:
சரி காக்கா. கடைசியாக ஒன்று: பேனல் பின்பெட்டிக்குள் உப்புத்தண்ணி போகாமல் சிலிகான் வைத்து முழுசாக அடைத்துவிடலாமா? கடையில் கண்ணாடித் தொட்டிக்கு ஒட்டுகிற குழல் இருக்கிறது.

ஏர்வாடி சோலார்:
வினிகர் வாடை அடிக்கிற சிலிகான் என்றால் வேண்டாம், காயும்போது வருகிற அமிலம் செம்பையும் டையோடு காலையும் தின்றுவிடும். நியூட்ரல் க்யூர் என்று எழுதியதைக் கேட்டு வாங்குங்கள். மூடி விளிம்பில் மட்டும் பூசுங்கள். பெட்டியின் அடியில் பொடித் துவாரம் இருந்தால் அதை அடைக்காதீர்கள், உள்ளே வேர்க்கிற தண்ணி இறங்க அதுதான் வழி.